வடக்குப் படிகள்

ஆறாவது படி உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் மேதா கானிட்கர் நின்றுவிட்டாள்.

பெரிய உடைப்பு ஒன்றுமில்லை. பாக்ரி ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்ததுபோல் வலப்பக்க மூலை மட்டும் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் பாசி பிடித்து, அதில் மழைத் தண்ணீர் ஒரு கரண்டியளவு தேங்கி நின்றது. முப்பது வருடமாகச் சஹ்யாத்ரி மலைக்கோட்டைகளில் நடப்பவள் அவள். இதைவிட மோசமான படிகளை ஆயிரக்கணக்கில் மிதித்திருக்கிறாள். ஆனால் இந்த மூலையை உடைத்தது மழையோ பீரங்கியோ அல்ல. புனேயில், கோத்ருட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஆறிப்போன டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள்தான் உடைத்தாள். 'ஆறாவது படி வலப்பக்கம் உடைந்திருக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். அப்படி ஒரு சின்ன விவரம் இருந்தால்தான் படிப்பவர்கள் நம்புவார்கள்.

இங்கே ஆறாவது படி இருக்கக் கூடாது. முதல் படியே இருக்கக் கூடாது.

"காக்கூ, என்ன, கால் வலிக்குதா?" மேலே நான்கைந்து படி தள்ளி நின்று ஹேமாங்கி கேட்டாள். நீல மழைக்கோட்டின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் அந்தப் புத்தகம். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தாலும், ஒருமுறை நனைந்து காய்ந்த பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்திருந்தது தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது" என்றாள் மேதா.

'குடும்பத்தோடு நாற்பது கோட்டைகள்' அவளுடைய ஒரே புத்தகம். முப்பத்தொன்பது கோட்டைகளை அவள் உண்மையாகவே நடந்து, காலால் அளந்து, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே பாட்டிகள் உட்காரலாம் என்பதுவரை குறித்து எழுதியவள். நாற்பதாவதுதான் ஆவள்கட். கல்லூரி நாளில் தோழிகளோடு ஒரே ஒருமுறை தெற்குப் பக்கமாக ஏறியிருக்கிறாள். போக மட்டும் ஐந்து மணி நேரம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த வழி ஆகாது. வடக்கே படிகள் இருந்ததாக ஒரு பழைய அரசாங்கப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. எஸ்.டி. பஸ்ஸில் போகும்போது வடக்குச் சரிவில் ஒரு கோடு தெரிந்ததாகவும் அவளுக்கு ஞாபகம். நேரில் போய்ப் பார்க்க நினைத்திருந்த வாரத்தில் முழங்கால் வீங்கிக்கொண்டது. தீபாவளிக்குப் புத்தகம் வர வேண்டும் என்று பதிப்பாளர் தினமும் போன் செய்தார். ஒரே மதியத்தில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது அது இனிமையாகக்கூட இருந்தது. உண்மையான கோட்டைகளைவிட இது சொன்னபடி கேட்டது.

போன செப்டம்பரில் கேதார் ஜக்தாப் என்பவன், ஒன்பது வயது மகள் ஓவியை அழைத்துக்கொண்டு அந்த நான்கு பக்கத்தை நம்பி வந்தான். மூன்றாம் நாள் வடக்குப் பள்ளத்தின் ஓடையில் இரண்டு பேரையும் எடுத்தார்கள். அவன் கை அவள் கையை விடவில்லையாம். பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்ததாம்.

பத்திரிகைக்காரன் மேதாவுக்குப் போன் செய்தபோது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வேறொன்றைச் சொன்னது. "படியை விட்டு விலகிப் போயிருப்பாங்க. நான் தெளிவா எழுதியிருக்கேன். குழந்தையைக் கூட்டிட்டுப் போறவங்களுக்குப் பொறுப்பு வேணும்." மறுநாள் அது அப்படியே அச்சில் வந்தது. மீட்புக்குப் போன குழுவின் தலைவர் அவளோடு பல வருடம் மலை ஏறியவர். "மேதா, எங்க கண்ணுக்குப் படி எதுவும் தென்படலையே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "மழையில மண் சரிஞ்சு மூடியிருக்கும்" என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. மேதா கானிட்கர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பத்து மாதம் கழித்து, போன புதன்கிழமை, வாசலில் ஒருத்தி நின்றாள். அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆனாலும் கதவைத் திறந்த உடனே யாரென்று மேதாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சண்டை போட வரல காக்கூ" என்றாள் ஹேமாங்கி. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "பத்து மாசமா அவனைத் திட்டிக்கிட்டே இருக்கேன். வீட்டுல ஓவி படத்துக்கு மட்டும்தான் மாலை போடுறேன். அவன் படத்தை அலமாரியில குப்புறப் போட்டு வச்சிருக்கேன். எங்க மாமியாரே சொல்றாங்க, 'எம் பையன்தான் உம் பிள்ளையைக் கொன்னான், என்னை மன்னிச்சிடு'ன்னு. பெத்தவங்க வாயால அதைக் கேக்க எப்படி இருக்கும் சொல்லுங்க. பேப்பர்ல நீங்க சொன்னதைப் படிச்சேன். படியை விட்டு விலகினான்னு. எங்க விலகினான்? அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்க. பார்த்துட்டா, ஒண்ணு மன்னிச்சிடுவேன், இல்லைன்னா முழுசா வெறுத்துடுவேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்க முடியல."

அப்போதும் மேதா சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை போகலாம்" என்றாள்.

வரும் வழியெல்லாம் அடுத்த பொய்யைக் கோத்துக்கொண்டே வந்தாள். தெற்கு வழியாகக் கூட்டிப்போய் ஏதாவது ஒரு வளைவைக் காட்டி 'இங்கதான்' என்று சொல்லிவிடலாம். அடிவாரத்து ஆவளேவாடியில் இறங்கி, கோண்டிபா வீட்டில் கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரியும் சாப்பிட்டார்கள். கோண்டிபா மாடு மேய்ப்பவர். மலை அவருக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. ஹேமாங்கி கை கழுவப் போன நேரத்தில், வடக்குப் பக்கம் எப்படி இருக்கிறது என்று மேதா மெல்லக் கேட்டாள்.

"வடக்கேயா?" கோண்டிபா வாயிலிருந்த புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "வடக்கே போறதுன்னா றெக்கை கட்டிக்கிட்டுத்தான் போகணும் தாயி. புனேயில விக்கிறாங்களா? எங்க ஊர்க் குரங்கே அந்தப் பக்கம் ஏறாது. நெட்டுக்குத்தாப் பாறை. போன வருசம் அந்த அப்பனும் பொண்ணும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டுக்கயிறு போட்டாவது கட்டி வச்சிருப்பேன். எந்தப் புண்ணியவான் அந்தப் பொஸ்தகத்தை எழுதினானோ!"

மேதா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைமிளகாய்த் தேச்சாவின் காரம் தொண்டையில் நின்றது.

கைப்பம்பு பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மேதா இடப்பக்கம் திரும்புவதற்குள் ஹேமாங்கி புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். "'கைப்பம்பிலிருந்து வலப்பக்கம்'னு போட்டிருக்கு காக்கூ." வலப்பக்கமே நடந்தாள். போகட்டும் என்று மேதாவும் பின்னால் போனாள். பத்து நிமிடத்தில் புதர் வழியை அடைத்துவிடும். 'சரிவுல படி போயிடுச்சும்மா' என்று சொல்லித் திரும்பிவிடலாம். கார்வீச் செடிகள் ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் நெருங்கி, ஈர இலைகள் கன்னத்தில் உரச, சேற்றின் வாடையும் அழுகிய இலையின் வாடையும் மூச்சில் ஏற, மூடுபனி மெல்ல மெல்ல இறங்கி முதலில் மலையை, பிறகு மரங்களை, கடைசியில் பத்தடிக்கு அப்பாலிருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத, நிழலே விழாத ஒரு வெள்ளைப் பகல். அந்த வெள்ளையிலிருந்து கருங்கல் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று.

இப்போது ஆறாவது படியில் நின்றுகொண்டு மேதா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பதிவேட்டில் இருந்தது உண்மைதான் போலிருக்கிறது. கோண்டிபாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உடைந்த மூலை தற்செயல். அப்படியானால் அவள் எழுதியதும் உண்மை. அப்படியானால்... நெஞ்சுக்குள் பத்து மாதமாகக் கட்டியிருந்த ஒரு முடிச்சு சற்றே தளர்வதுபோல் இருந்தது. தப்பு தன்னுடையது இல்லையோ?

அந்த நிம்மதிக்காகவே அடுத்த கணம் அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

ஹேமாங்கி இறங்கி வந்து உடைந்த மூலையருகே குந்தினாள். விரலால் தேங்கிய தண்ணீரைத் தொட்டாள்.

"இதுதான். போன்ல சொன்னான்."

"யாரு?"

"கேதார்தான். பதினொண்ணு இருபதுக்கு அவன் கடைசியா பண்ணின போன். 'ஹேமா, படி வந்துருச்சு, ஆறாவது படி உடைஞ்சிருக்கு, புக்குல போட்ட மாதிரியே இருக்கு, இந்தக் கானிட்கர் காக்கூ பெரிய ஆளுதான்'னு சிரிச்சான். பின்னாடி ஓவி, 'பாபா, நான் முன்னாடி போறேன்'னு கத்திக்கிட்டிருந்தா. அப்புறம் சிக்னல் போயிடுச்சு." அவள் எழுந்தாள். "போலீஸ்கிட்ட சொன்னேன். யாரும் காதுல வாங்கல. அதான் கேக்கறேன், இவ்வளவு நல்ல படியில வந்தவன் ஏன் விலகினான்?"

அவர்கள் வழியில்லாத பாறையில் ஏறப் பார்த்து விழுந்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் மேதா நினைத்திருந்தாள். இல்லை. அவர்களுக்கும் படி வந்திருக்கிறது.

"திரும்பிடலாம் ஹேமாங்கி. பனி ரொம்ப இருக்கு."

"இவ்வளவு தூரம் வந்துட்டா?" ஹேமாங்கி ஏறத் தொடங்கினாள். ஏறிக்கொண்டே, பாடம் ஒப்பிக்கும் குரலில் படித்தாள். "'இருபது படி ஏறினால் இடப்பக்கம் இரட்டைத் தண்டு அத்திமரம். அதன் நிழலில் சற்று உட்காரலாம்.'"

இருபது படி. பனிக்குள் அத்திமரம். ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டு, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு. பழுத்த அத்தியின் புளித்த வாடை. மரத்தில் ஒரு பறவை இல்லை, எறும்பு இல்லை. விழுந்து கிடந்த பழம் ஒன்றை மேதா ஷூவின் நுனியால் உருட்டினாள். உடைந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. விதையில்லை, புழுவில்லை, சதையில்லை. வெறும் தோல். உள்ளே என்ன இருக்கும் என்று அவள் எழுதவில்லை.

"'அடுத்து, பாறையில் செதுக்கிய அனுமார். முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். கிராமத்தார் செந்தூரம் பூசி வணங்குகிறார்கள்.'"

அனுமார் இருந்தார். செந்தூரம் ஈரமாக மினுங்கியது. எண்ணெய் வாடை மூக்கில் அடித்தது. ஹேமாங்கி தொட்டுப் பார்த்துவிட்டு விரலைக் காட்டினாள். சிவப்பு ஒட்டியிருந்தது.

"இன்னைக்குக் காலையிலதான் யாரோ பூசியிருக்காங்க. பாருங்க, காயவே இல்ல. கோண்டிபா மாமா, குரங்குகூட ஏறாதுன்னாரே?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"கை கழுவிக்கிட்டிருந்தேன். செவிடு இல்லையே காக்கூ." ஹேமாங்கி சிரித்தாள். மேதா அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள். "கொஞ்ச நேரம் உங்களையே சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் அப்படியே இருக்கு. அவன்மேலதான் தப்பு."

அவன்மேலதான் தப்பு. இப்போது சொல்ல வேண்டும். இந்த அனுமார் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் ஹேமாங்கி பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

"'இங்கிருந்து படிகள் அகலமானவை. குழந்தைகள் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுவார்கள். கவலை வேண்டாம்.'"

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். சொட். சொட். பிறகு அதுவும் நின்றது.

மேலே, பனிக்குள், யாரோ ஓடினார்கள்.

சின்னக் கால்கள். ஈரக் கல்லில் ரப்பர் ஷூ அடிக்கும் சத்தம். நாலு படி ஓடி, நின்று, திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு இடைவெளி. மறுபடி நாலு படி.

ஹேமாங்கியின் கையிலிருந்து புத்தகம் நழுவியது. அது படியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"ஓவி?"

"போகாத!" மேதா எட்டி அவள் மழைக்கோட்டைப் பிடித்தாள். ஈரத் துணி விரலில் வழுக்கிப் போனது. "ஹேமாங்கி, அது ஓவி இல்ல! நில்லு! நான் சொல்றதைக் கேளு!"

ஹேமாங்கி ஓடிக்கொண்டிருந்தாள். படிகள் இப்போது பாறையின் விளிம்பிலேயே போயின. வலப்பக்கம் ஒன்றுமில்லை. மேதா இடக்கையால் பாறையைத் தடவிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். முழங்காலில் வலி கத்திபோல் இறங்கியது.

"நான் இந்த வழியில—" என்று கத்தினாள்.

பின்னால் ஏதோ குறைந்தது.

சத்தமில்லை. காற்றில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் கால் எடுத்த படி இல்லை. அதற்குக் கீழே இருந்ததும் இல்லை. பனி ஒரு கணம் விலகியது. நெட்டுக்குத்தான பாறை, மழுமழுவென்று, கீழே கீழே கீழே. அடியில் காடு, கொத்தமல்லித் தழை நறுக்கிப் போட்டதுபோல். நடுவில் ஓடை, ஒரு நூல்.

பனி மூடிக்கொண்டது.

"ஹேமாங்கி! நான் இங்க வந்ததே—"

ஹேமாங்கியின் காலுக்கடியில் இருந்த படியின் ஓரம் மாவுபோல் உதிர்ந்தது. ஒரு கல் சரிந்து போனது. அது விழுந்து சேரும் சத்தத்துக்காக மேதா காத்திருந்தாள். வரவில்லை. ஹேமாங்கி தடுமாறி, பாறையில் கையூன்றி நின்றாள்.

"என்ன காக்கூ? என்ன சொல்றீங்க?"

மேதாவுக்குப் புரிந்தது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் புரிந்தது. பொய்யை நம்பும்வரைதான் படி இருக்கும். கேதாரும் இந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, 'யாரும் இந்த வழியில வந்த மாதிரியே தெரியலையே ஓவி' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் விலகவில்லை. ஒரு அங்குலம்கூட விலகவில்லை.

"காக்கூ?"

"ஒண்ணுமில்ல." தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. "படி நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன். நான் பல தடவை வந்திருக்கேன். பயப்படாம ஏறு."

காலுக்கடியில் கல் இறுகியது. இரை கிடைத்த வாய்போல் இறுகியது.

"ரொம்ப உறுதியான படி" என்றாள் இன்னும் சத்தமாக. "சின்னப் பசங்ககூட ஏறலாம்."

ஹேமாங்கி ஏறினாள். மேதா ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய். அந்த வருடம் வந்தபோது இங்கே மழை பெய்தது. இந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து சிவ்டா சாப்பிட்டோம். இங்கே ஒரு போட்டோ எடுத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறேனா, அல்லது பத்து மாதமாகச் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேனா? இரண்டும் ஒரே வார்த்தைகளாக இருந்தன. அழுதால் பொய் நின்றுவிடும். அழவில்லை. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். உச்சி உண்மையானது. உச்சியை அவள் இருபது வயதில் பார்த்திருக்கிறாள். அங்கே போய்ச் சொல்லிவிடலாம். தெற்கு வழியாக இறங்கிவிடலாம்.

குனிந்து நுழையும் வாசல் வந்தது. தாண்டினாள். கால் புல்லில் பட்டது.

உண்மையான புல். உண்மையான சேறு. மேதா அப்படியே மண்டியிட்டாள். புல்லைப் பிடித்துக்கொண்டாள்.

வந்துவிட்டோம்.

நாற்பதாவது கோட்டையின் கடைசி வரி அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. அந்த மதியத்தில் எழுதி முடித்து, தலையைச் சாய்த்து, தானே ரசித்துப் படித்துப் பார்த்த வரி.

'பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கால் நனைத்து உட்காருங்கள். இங்கே உட்கார்ந்தவர்களுக்கு இறங்கவே மனம் வராது.'

தலை நிமிர்ந்தாள்.

சதுரமான தொட்டி. கருத்த தண்ணீர். அதன் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய முதுகு. ஒரு சின்ன முதுகு. நடுவில் பிடித்த கை.

ஹேமாங்கி அவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தாள். பெரிய முதுகின் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டாள்.

"உன்னை எவ்வளவு திட்டிட்டேன்டா" என்றாள்.

பெரிய முதுகு தன் கையைத் தூக்கி அவள் தோளில் போட்டது. அந்தக் கை முழங்கையில் மடங்கவில்லை. மடங்கக் கூடாத இன்னொரு இடத்தில் மடங்கியது. ஹேமாங்கி அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"ஹேமாங்கி!" மேதா கத்தினாள். இனிச் சொல்லலாம். இனிப் படிகளில் யாருமில்லை. "நான் பொய் சொன்னேன்! இந்த வழியில நான் வந்ததே இல்ல! வீட்டுல உக்காந்து எழுதினேன்! அவன் விலகல, அவன்மேல தப்பே இல்ல, நான்தான்! நான்தான் அவங்களைக் கொன்னேன்! எழுந்து வா!"

குரல் பனியில் போய் அமுங்கியது. எதுவும் உதிரவில்லை. எதுவும் மறையவில்லை.

ஹேமாங்கி மட்டும் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. ஆச்சரியமில்லை. தூங்கப்போகும் குழந்தையின் முகம்போல் இருந்தது.

"அதனால என்ன காக்கூ?" என்றாள் மெதுவாக. "இப்பத்தான் வந்துட்டீங்களே."

மேதா பின்னால் நகர்ந்தாள். கை வாசலின் கல்லைத் தேடியது. வாசல் இல்லை. குதிகாலுக்குப் பின்னால் புல் முடிந்து, அதற்கப்பால் குளிர்ந்த காற்று மட்டும் மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாப் பக்கமும் பனி. தெற்கு எது? தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தொட்டி ஒன்றுதான்.

கால் வலித்தது. ரொம்ப வலித்தது. உட்கார்ந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்போது அந்தச் சின்ன முதுகு அசைந்தது. திரும்பவில்லை. அப்பாவின் கையை விடாமலே, விளிம்பில் ஒரு ஆள் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு மற்றக் கையை நீட்டி, காலியான இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை, பெரியவர்கள் உட்காருவதற்காக, உள்ளங்கையால் வழித்து வழித்துத் துடைக்க ஆரம்பித்தது.